முன்வாசல் வழியாக: நுவரெலியாவின் துரைமார் கிளப்பில் ஒரு மாலை

புதுக்கோட்டை என்று சொன்னதும் எல்லோரும் திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டையைத்தான் நினைப்பார்கள். எங்கள் ஊர் அது இல்லை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் ரோட்டில், பஸ்ஸில் ஏறிச் சீட்டு வாங்கி முடிப்பதற்குள் வந்துவிடுகிற சின்னப் புதுக்கோட்டை. உப்பளக் காற்றும் உடைமரமும்தான் எங்கள் அடையாளம். "அந்தப் புதுக்கோட்டை இல்லைங்க, இந்தப் புதுக்கோட்டை" என்று சொல்லிச் சொல்லியே எனக்கு ஐம்பது வயது நெருங்கிவிட்டது. இதே வாக்கியத்தைக் கடல் தாண்டி, ஆறாயிரம் அடி உயர மலையில், ஒரு பழைய ஆங்கிலேய மதுக்கூடத்தில் நின்றும் சொல்ல வேண்டி வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

மதுக்கூடம் என்றதும் புருவத்தை உயர்த்தாதீர்கள். நான் குடித்தது இஞ்சி சோடா. என் வீட்டுக்காரருக்கு டாக்டர் கண்டிப்பால் அதுவும் சர்க்கரை குறைவாக. நாங்கள் போனது குடிக்க இல்லை. அம்மாவுக்காக ஒரு கதவைப் பார்க்கப் போனோம்.

அம்மா சொன்ன பின்வாசல்

என் அம்மா பிறந்தது இலங்கையில், நுவரெலியாவுக்கு அந்தப் பக்கம் ராகலைக்குப் போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1973-ல், இருபத்திரண்டு வயதில், ஒரு தகரப் பெட்டியோடு தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து இறங்கினார். அதற்கு முன் அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஆனால், காகிதத்தில் அவர் 'தாயகம் திரும்பியவர்'.

அம்மாவின் தாத்தாதான் எங்கள் வீட்டிலிருந்து முதலில் கடல் தாண்டியவர். மழை பொய்த்து, கடன் கழுத்தை நெரித்த ஒரு வருடம் கங்காணி பின்னால் கிளம்பியவர். புதுக்கோட்டையிலிருந்து பக்கத்துத் தட்டப்பாறைக்கு நடந்தே போனாராம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் ஆட்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைக்கும் முகாம் அங்கேதான் இருந்தது. பிறகுதான் அது மண்டபத்துக்கு மாறியது. தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டிவிட்டு, தூத்துக்குடியில் கப்பலேற்றிக் கொழும்புக்கு அனுப்புவார்கள். தட்டப்பாறை ஸ்டேஷன் வழியாக நான் எத்தனை முறை ரயிலில் போயிருக்கிறேன்! வெளியே எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் விறகுக் கட்டு சுமந்து நுவரெலியா டவுனுக்குப் போவாராம். 'துரைமார் கிளப்பு' ஒன்றின் பின்வாசலில் விறகை இறக்கிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு திரும்பி விடுவார். அது எந்தக் கிளப் என்று அம்மாவுக்குத் தெரியாது. அந்த ஊரில் துரைமார் கூடும் இடங்கள் ஒன்றிரண்டா இருந்தன? ஆனால், தாத்தா அடிக்கடி சொன்ன ஒரு வரி மட்டும் அம்மாவுக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அந்தக் கட்டடத்துப் பின்வாசல்ல எத்தனை படின்னு எனக்குத் தெரியும். முன்வாசல் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது."

போன வருடம் மகனுக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் மதுரையிலிருந்து கொழும்புக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். அம்மாவையும் கூப்பிட்டேன். "முழங்கால் வலியோட மலை ஏறச் சொல்றியாக்கும். நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்று சொல்லிவிட்டார்.

மலை மேல் ஒரு குட்டி இங்கிலாந்து

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து மலைநாட்டு ரயில் பிடித்தால் ஆறேழு மணி நேரத்தில் நானுஓயா. 1885-லேயே இங்கே ரயில் வந்துவிட்டது. துரைமார் ஏறி வர மட்டுமல்ல, தேயிலைப் பெட்டிகள் இறங்கிப் போகவும்தான். அங்கிருந்து வேனில் அரை மணி நேரம் போனால் நுவரெலியா.

ஊருக்குள் நுழைந்ததும் இவர் கேட்டார்: "ஏம்மா, பிளேன் தப்பா லண்டன்ல இறக்கிட்டானா?"

சிவப்புச் செங்கல்லில் கோபுரம் வைத்த போஸ்ட் ஆபீஸ், 1894-ல் கட்டியது. விக்டோரியா ராணி பெயரில் ஒரு பூங்கா. 1873-ல் கவர்னர் கிரெகரி உண்டாக்கிய ஏரி. 1889-ல் தொடங்கிய கோல்ஃப் மைதானம். குதிரைப் பந்தயத் திடல். கவர்னர் பார்ன்ஸ் ஓய்வெடுக்கக் கட்டிய பங்களாவே பிறகு கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்தது. வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்காரர்கள் நம் ஊட்டியில் செய்ததைத்தான் இங்கேயும் செய்திருக்கிறார்கள். குளிர் இருந்த மலையில் தங்கள் ஊரை அப்படியே பெயர்த்து நட்டுவிட்டார்கள்.

அப்படி நட்டவர்களில் முக்கியமானவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் ஆப்பிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் புகழ்பெற்ற அதே பேக்கர்தான். அதற்கு முன், 1840-களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து ஆட்கள், மாடுகள், விதைகள், கலப்பைகள் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றி வந்து இந்த மலையில் பண்ணை போட்டார். இன்று நுவரெலியா சந்தையில் குவிந்து கிடக்கும் கேரட், பீட்ரூட், லீக்ஸ் போன்ற 'இங்கிலீஷ் காய்கறி'களுக்கு அவரும் ஒரு காரணம். கூடவே பீரும் காய்ச்சினார். 1881-ல் இங்கே வணிக முறையில் ஒரு பீர் ஆலையே வந்தது. லவ்வர்ஸ் லீப் அருவித் தண்ணீரில் தயாரித்த அந்தப் பீர்தான் இன்று 'லயன்' என்ற பெயரில் உலகம் சுற்றுகிறது. ஆலை பிறகு கொழும்புப் பக்கம் பியகமைக்கு இறங்கிப் போய்விட்டது.

பப்புக்கும் கிளப்புக்கும் நடுவில்

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பழைய ஊர்களில் முந்நூறு, நானூறு வருடப் பப்கள் இன்றும் இருக்கின்றன. பப் என்ற சொல்லே 'பொது வீடு' என்பதன் சுருக்கம்தான். வண்டிக்காரர், கொல்லர், விவசாயி, பாதிரியார் என்று யாரும் உள்ளே போய்க் கணப்பு அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். நம் ஊர் டீக்கடை பெஞ்சுக்கு அவர்கள் ஊர் உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால், அதே ஆட்கள் இந்த மலைக்கு வந்ததும் முதலில் கட்டியது பொது வீட்டை அல்ல. 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்ற கிளப்பைத்தான். காப்பித் தோட்டத் துரைமார் 1876-ல் தொடங்கிய ஹில் கிளப் அப்படிப்பட்டது. பீர் அதே பீர், கணப்பு அதே கணப்பு. 'பொது' என்ற சொல்லை மட்டும் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டார்கள்.

நாடு சுதந்திரம் அடைந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் உள்நாட்டுக்காரர்கள் உறுப்பினராக முடியாத இடமாக அது இருந்தது. பெண்கள் நுழையக் கூடாத 'ஆண்கள் மட்டும்' மதுக்கூடம் ஒன்றும் அதில் இருந்தது. இன்று அந்த விதிகள் இல்லை. சிறு கட்டணம் கட்டினால் யாரும் ஒரு நாள் உறுப்பினர். என்னைப் போல் புதுக்கோட்டைக்காரிகள்கூட.

தாத்தா விறகு இறக்கியது இங்கேதானா என்று தெரியாது. ஆனால், அந்தக் காலத்துத் துரைமார் கிளப்களில் இன்னும் உயிரோடு இருப்பதில் பேர் பெற்றது இதுதான். அதனால் இங்கேயே போனோம்.

கடன் வாங்கிய கோட்டு

கிராண்ட் ஹோட்டல் பக்கத்தில் சற்று மேட்டில் நிற்கிறது கட்டடம். சாம்பல் நிறக் கல் சுவர், முன்னால் அளவெடுத்து வெட்டியது போல் புல்தரை, ஓரத்தில் பூச்செடிகள். ஸ்காட்லாந்துப் பண்ணையார் வீடு ஒன்றைச் சினிமாவில் பார்ப்பது போல் இருந்தது.

முன்வாசல் முன்னால் நான் ஒரு நிமிஷம் நின்றேன். காவலாளி யாராவது "எங்கம்மா போறீங்க?" என்று கேட்பார் என்று மனசு எதிர்பார்த்தது. நூறு வருடப் பழக்கம் ரத்தத்தில் இருக்கும் போல. யாரும் கேட்கவில்லை. சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டார்கள்.

ஏழு மணிக்கு மேல் ஆண்கள் கோட்டு, டை இல்லாமல் சாப்பாட்டு அறைக்குள் போக முடியாது என்ற விதி இன்னும் இருக்கிறது. இல்லாதவர்களுக்குக் கிளப்பே இரவல் தருகிறது. எங்கள் கல்யாணத்துக்கே டை கட்டாத மனிதர், கண்ணாடி முன்னால் நின்று தவித்தார். கிடைத்த கோட்டு இரண்டு சுற்றுப் பெரிது. "என்னங்க, மெட்ரிகுலேஷன் ஸ்கூல்ல புதுசா சேர்ந்த பையன் மாதிரி இருக்கீங்க" என்றேன். முறைத்தார்.

உள்ளே தேக்கும் தோலும் கலந்த பழைய வாசனை. சுவரில் மான் தலைகள், பாடம் செய்த மீன்கள், மங்கிய புகைப்படங்கள். பில்லியர்ட்ஸ் மேஜை. கண்ணாடி அலமாரிகளில் பழுப்பேறிய புத்தகங்கள். கணப்பில் விறகு சடசடவென்று எரிந்தது. மதுக்கூடத்து மர மேடை, எத்தனையோ முழங்கைகள் பட்டு மினுமினுத்தது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து கொழும்புச் செய்தி பேசியவர்கள், காப்பியைப் பூஞ்சை நோய் அழித்தபோது தலையில் கை வைத்தவர்கள், பிறகு தேயிலைக்கு மாறி மீண்டும் பணக்காரர்கள் ஆனவர்கள். அவர்கள் எழுதி வைத்ததெல்லாம் புத்தகமாக இருக்கிறது. அந்தத் தேயிலையை நட்டவர்கள், கொழுந்து எடுத்தவர்கள் பேசியது எதுவும் இந்த அலமாரியில் இல்லை.

காப்பிக் காலத்தில் நம் ஆட்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியில் மாத்தளைக்கு நடந்தே போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பிறகுதான் தூத்துக்குடி–கொழும்பு கப்பல் பாதை. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதியதும் இதே தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்துக்காகத்தான். நாம் அதைச் சுதந்திரப் போராட்டப் பாடமாகப் படித்தோம். அந்தக் கடல் வழியில் போன ஏழைகளைப் பற்றி எங்கள் பாடத்தில் ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை.

தோட்டத்துக்குள் வெளியாள் நுழைவதே குற்றமாக இருந்த காலம் அது. தஞ்சாவூரிலிருந்து போன கோ.நடேச ஐயர், தொழிலாளர்களைச் சந்திப்பதற்காகத் துணி வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனதாகச் சொல்வார்கள். அவர்தான் பின்னர் அந்த மக்களுக்காகத் தொழிற்சங்கம் கட்டினார். கதவு மூடியிருந்தால் திறக்க ஒரு வழி கண்டுபிடிக்கத்தானே வேண்டும்!

"நீங்களும் புதுக்கோட்டையா?"

இஞ்சி சோடா கொண்டு வந்த பரிமாறுபவருக்கு முப்பது வயது இருக்கும். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு முகம் மலர்ந்தார்.

"இந்தியாவில எங்கக்கா?"

"புதுக்கோட்டை" என்றேன், பழக்க தோஷத்தில்.

தட்டைக் கீழே வைத்துவிட்டார். "அய்யோ அக்கா! எங்க தாத்தாவோட அப்பாவும் புதுக்கோட்டைதான்! எங்க வீட்டில யாருமே போனதில்ல. அந்த ஊரு எப்படிக்கா இருக்கும்?"

அவர் கண்ணில் இருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. வாழ்நாளெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்ன வாக்கியம் இப்போது வர மறுத்தது. இருந்தாலும் பொய் சொல்ல மனசில்லை.

"தம்பி, உங்க தாத்தா ஊரு திருச்சிப் பக்கத்துப் புதுக்கோட்டையா இருக்கும். அங்கேருந்துதான் நிறையப் பேரு இங்கே வந்தாங்க. நான் தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டை. இது வேற."

அவர் முகம் ஒரு நொடி வாடியது. பிறகு சிரித்தார். "பரவாயில்லக்கா. பேராவது ஒண்ணா இருக்குல்ல!"

அவருடைய அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாராம். தினக்கூலி ஆயிரம் ரூபாய் ஆவதற்கே வருஷக்கணக்கில் போராட வேண்டியிருந்தது, 2021-ல்தான் கிடைத்தது என்று சொன்னார். அவர்கள் இன்னும் லயத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். "அம்மாவை ஒரு நாள் இங்கே கூட்டிட்டு வந்து உட்கார வைச்சு டீ வாங்கிக் குடுக்கணும்னு ஆசைக்கா. அவங்க பறிச்ச தேயிலையாத்தான் இருக்கும்!" என்றார்.

எங்கள் இரண்டு குடும்பத்தையும் பிரித்தது ஒரு கணக்குத்தான். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. மூட்டை பிரிப்பது போல் மனிதர்களைப் பிரித்தார்கள். அம்மா இந்தியக் கணக்கில் வந்தார். அந்தத் தம்பியின் தாத்தா இலங்கைக் கணக்கில் நின்றுவிட்டார். எஞ்சியவர்களின் சிக்கலைத் தீர்க்க 2003-ல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. கணக்கு சற்றே மாறியிருந்தால் அந்தத் தட்டை நான் ஏந்தி வந்திருக்கலாம். கோட்டு இரவல் வாங்கி அவர் உட்கார்ந்திருக்கலாம்.

அம்மா கேட்ட கேள்வி

மறுநாள் காலை, பனி விலகியதும் முன்வாசலில் நின்று அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டேன்.

"அம்மா, இங்க பாருங்க. இதுதான் முன்வாசல். நான் இது வழியாத்தான் உள்ளே போனேன். தாத்தா பாக்காத வாசல்!"

என் குரல் எனக்கே மேடைப் பேச்சு மாதிரி கேட்டது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. புல்லு எல்லாம் சோக்கா வெட்டியிருக்கான்" என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "பின்பக்கம் போனியா?" என்று கேட்டார்.

"இல்லம்மா... முன்வாசலைக் காட்டத்தானே வந்தேன்?"

"முன்வாசல் யாரு வேணாலும் காட்டுவாங்க. போட்டோவுல கூட இருக்கும். எங்கப்பா நின்ன இடம் பின்பக்கம்தானே. அதைக் காட்டு."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். முதல் நாள் பேசிய தம்பியைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாங்கக்கா" என்று சமையலறையைச் சுற்றிக் கூட்டிப் போனார்.

அங்கே கணப்புக்கான விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கதவு. கதவுக்கு முன்னால் தேய்ந்த கல் படிகள். போனை அந்தப் பக்கம் திருப்பினேன். அம்மா எதுவும் பேசவில்லை. உதடு அசைவது மட்டும் தெரிந்தது. படியை எண்ணுகிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"என்னம்மா, தாத்தா சொன்ன எண்ணிக்கை இருக்கா?"

"அது எனக்கும் எங்கப்பாவுக்கும்" என்று சிரித்தார் அம்மா. "அந்தத் தம்பி யாரு? போனைக் குடு அவன்கிட்ட."

இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். ராகலைச் சந்தை, லயத்துக் காமன் கூத்து, பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் சத்தம் என்று அம்மா கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐம்பது வருடமாக எங்களிடம் பேசாத தமிழை அம்மா பேசினார். கடைசியில், "ஒரு தடவை ஊருக்கு வா தம்பி. ரெண்டு புதுக்கோட்டையும் காட்டுறேன்" என்றார்.

நீங்கள் நுவரெலியா போனால் ஹில் கிளப்பையும் பாருங்கள். மறக்காமல் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். கோட்டு, டை கிடைக்கும், கவலை வேண்டாம். ஏப்ரல் மாதம் சீசன், கூட்டமும் வாடகையும் கூடும். மழைக் காலத்தில் மலைப்பாதையில் மண்சரிவு உண்டு, ரயில் ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். இணையத்தில் எடுக்க வேண்டிய பயண அனுமதியின் விதிகளையும் புறப்படும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கிளப்பில் முன்வாசல் வழியாகத் தாராளமாக உள்ளே போங்கள். அனுமதி கிடைத்தால் பின்பக்கமும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். நம் ஆட்கள் நின்ற இடம் அது.